பேர் கொடுக்க எழுந்தேன், மறுபடி உட்கார்ந்துவிட்டேன்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 20 வயது. திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.காம். கடைசி வருடம், விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ஊர் அரியலூர் பக்கம். போன மாதம் எங்கள் கல்லூரியில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றி ஒரு மணி நேரக் கூட்டம் வைத்தார்கள். நன்றாகப் புரிந்தது, எல்லோரும் கைதட்டினோம். கடைசியில் ‘போட்டுக்கொள்ள விருப்பம் உள்ளவர்கள் எழுந்து வந்து பேர் எழுதுங்கள்’ என்றார்கள். நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்தவள் ‘உனக்கு எதுக்குடி இப்பவே?’ என்றாள், பின்வரிசையில் சிரித்தார்கள், உட்கார்ந்துவிட்டேன். 300 பேரில் 11 பேர்தான் எழுதினார்கள். அம்மாவிடம் போனில் கேட்டதற்கு ‘அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்’ என்று வைத்துவிட்டார். என் அத்தை, அப்பாவின் தங்கை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் போன வருடம்தான் இறந்தார். 42 வயது. ஒரே மகள், ஒன்பதாவது படிக்கிறாள். ஒன்பது வயதிலிருந்தே போடுகிற ஊசி என்கிறார்களே, எனக்குக் காலம் கடந்துவிட்டதா? போட்டால் பிள்ளை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வந்தது உண்மையா? எல்லாம் தெரிந்தும் நான் ஏன் உட்கார்ந்தேன் என்றுதான் எனக்கே புரியவில்லை.

பதில்: அன்புள்ள மகளுக்கு, என் பெண்ணுக்கும் உன் வயதுதான், அதனால் நீ என்றே எழுதுகிறேன். முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். போட்டுக்கொள். காலம் கடக்கவில்லை. பிள்ளை பிறப்பதற்கும் இந்த ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அத்தையை நினைத்தால் மனசு கனக்கிறது. 42 என்பது போகிற வயதே இல்லை.

நீ கடைசியாக எழுதிய வரிதான் இரண்டு நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மகப்பேறு மருத்துவராக 26 வருடம் ஆகிறது, கல்லூரிகளுக்குப் போய் இந்த ஊசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தே பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆரம்பத்தில், பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிக்கொடுப்பேன். கேள்வி நேரத்தில் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புவார்கள், நல்ல நல்ல கேள்விகள். 16, 18 என்று வைரஸ் வகைகளின் எண் வரைக்கும் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். பெயர்ப் பட்டியல் மட்டும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. உன் கல்லூரியில் 11 பேர் என்றதும் எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

அப்புறம் ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். ஊசி போட வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் ‘யார் சொல்லிம்மா வந்தே?’ என்று கேட்பேன். ‘அக்கா நர்சிங் படிக்கிறா, அவ சொன்னா.’ ‘எங்க மேடம் அவங்க பொண்ணுக்குப் போட்டாங்களாம்.’ ‘அம்மாதான் இழுத்துட்டு வந்தாங்க.’ ‘காய்ச்சலுக்குப் போனேன், அந்த டாக்டர் போட்டாச்சான்னு கேட்டாரு.’ இப்படித்தான் பதில் வரும். யாரோ ஒரு ஆள், பக்கத்தில் நின்று, ‘நீ போட்டியா?’ என்று கேட்டிருப்பார். கூட்டத்தில் கேட்டதை வைத்து மட்டும் வந்தேன் என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்பவை இரண்டு, டாக்டர் வாய்விட்டுச் சொன்னாரா, அம்மா என்ன சொன்னார். செலவு, பக்க விளைவு பயம், ‘எனக்கெல்லாம் வராது’ என்ற எண்ணம் ஆகியவைதான் பின்னால் இழுப்பவை. நம் ஊரில் இவற்றோடு கல்யாணமும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே நீ உட்கார்ந்தது கோழைத்தனம் இல்லை. 300 பேர் பார்க்க ஒரு பெண்ணை எழுந்து நடக்கச் சொன்னதே தப்பு. இது எப்படிப் பரவும் என்று ஐந்து நிமிடம் முன்னால்தான் அந்த மேடையில் சொல்லியிருப்பார்கள், அதைக் கேட்ட கையோடு யார் எழுந்து போவார்கள்? உன்னை எழுப்பியது உன் அத்தை, உட்கார வைத்தது பக்கத்து நாற்காலி. அன்றைக்கு அந்த நாற்காலிக்காரி ‘ஏய், நானும் வரேன்டி’ என்று சொல்லியிருந்தால் நீ எனக்குக் கடிதம் எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

அப்படி ஒரு நாற்காலிக்காரியை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரே விடுதி அறையிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். ஒருத்திதான் முடிவு எடுத்தவள், மற்ற மூவரும் அவளுக்குத் துணையாக வந்தவர்கள். அவளுக்கு ஊசி போட்டு, மயக்கம் வருகிறதா என்று பார்க்கக் கால் மணி நேரம் வெளி பெஞ்சில் உட்காரச் சொன்னோம். அந்தக் கால் மணி நேரத்தில் மூவரும் ‘வலிச்சுதாடி?’, ‘வீட்ல சொன்னியா?’, ‘எவ்ளோ ஆச்சு?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவள் சட்டைக் கையை மடித்து பஞ்சு ஒட்டிய இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதத்துக்குள் மூன்று பேரும் போட்டுக்கொண்டார்கள். என் ஒரு மணி நேரப் பேச்சு செய்யாததை அந்தப் பெஞ்சு செய்தது.

எனக்கும் இதில் ஒரு வருத்தம் உண்டு. வயிற்று வலி, மாதவிடாய் தள்ளிப்போகிறது, வெள்ளைப்படுகிறது என்று என்னிடம் வந்த கல்லூரிப் பெண்கள் எத்தனையோ பேர், அவர்களிடம் பல வருடம் நானே இதைக் கேட்காமல் மருந்துச்சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். கூட அம்மா நிற்கிறாரே, எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு தயக்கம். டாக்டரே தயங்கினால் அந்தப் பிள்ளை எங்கே போய்க் கேட்கும்? இப்போது யார் வந்தாலும், எதற்கு வந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

சரி, ‘உனக்கு எதுக்குடி இப்பவே?’ என்ற கேள்விக்கு வருவோம். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். உடலுறவு வழியாகப் பரவும் வைரஸ், அதற்கு ஊசி போடுகிறாள் என்றால் இவள் எப்படிப்பட்டவள் என்கிற எண்ணம்தான். இதை மூடி மறைக்காமல் பேசிவிடலாம். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுகிறோம். அந்த வைரஸும் ரத்தம் வழியாகப் பரவுவதோடு உடலுறவு வழியாகவும் பரவும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து ‘இதுக்கு எதுக்கு இப்பவே’ என்று எந்தப் பாட்டியும் கேட்டதில்லை, ஏனென்றால் அதைக் காமாலை ஊசி, ஈரல் ஊசி என்று நோயின் பேரால் சொல்கிறோம். இது புற்றுநோய் ஊசி. போடுவதால் உன்னைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிந்துவிடப் போவதில்லை, போடுவதற்கு முன்னால் எந்தச் சோதனையும் கிடையாது, கர்ப்பம், ஒவ்வாமை தவிர வேறு எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இது உன் அத்தைக்காக. இந்த வைரஸ் அவ்வளவு சாதாரணம். உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது ஒரு தடவை வந்துவிட்டுப் போகும். வந்தது தெரியாது, போனதும் தெரியாது, பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் வருடக்கணக்கில் தங்கிவிட்ட சிலருக்குத்தான் 15, 20 வருடம் கழித்துப் புற்றுநோயாக மாறுகிறது. வாழ்நாள் முழுக்கக் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும், கணவர் வழியாகவே வரும், அந்தக் கணவருக்கும் தன்னிடம் இருந்தது தெரிந்திருக்காது. அத்தையின் நோயைப் பற்றி உறவில் யாராவது ஒரு மாதிரியாகப் பேசியிருந்தால் அதை உன் மனசிலிருந்து துடைத்துவிடு. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. இந்தியாவில் 2022-ல் மட்டும் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, 80,000 பேர் வரை இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை போட்ட கணக்கு. அவர்களில் எத்தனையோ பேர் உன் அத்தையைப் போல வீடு, வயல், பிள்ளை என்று இருந்த பெண்கள்.

அம்மா ‘கல்யாணத்துக்கு அப்புறம்’ என்றது இந்த இடத்தில்தான் தலைகீழாக இருக்கிறது. இந்த ஊசி வரப்போகும் வைரஸைத் தடுக்கும், ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதை வெளியேற்றாது. அதனால்தான் ஒன்பது வயதிலிருந்தே தொடங்குகிறார்கள், எவ்வளவு முன்னால் போடுகிறோமோ அவ்வளவு பலன். கல்யாணத்துக்கு அப்புறம் போட்டால் வீண் என்று சொல்லவில்லை, அப்போதும் பலன் உண்டு, கல்யாணமான பெண்களுக்கும் நான் போடுகிறேன். ஆனால் முன்னால் போட வாய்ப்பு இருக்கிற பெண்ணைப் பின்னால் போட்டுக்கொள் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

இருபது வயதில் பலன் இருக்குமா என்பதற்கு நல்ல பதில் ஸ்வீடனிலிருந்து 2020-ல் வந்தது. பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 17 வயதுக்கு முன்னால் போட்டுக்கொண்டவர்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. 17 முதல் 30 வயதுக்குள் போட்டவர்களிடமும் 53 சதவீதம் குறைந்திருந்தது. இந்த இரண்டாவது எண்தான் உன்னுடையது. அந்த ஆய்வில் ஏற்கெனவே வைரஸ் தொட்ட பெண்களும் சேர்ந்துதான் இருக்கிறார்கள், அதனால் இன்னும் உடலுறவு வாழ்க்கை தொடங்காத பெண்ணுக்கு இதைவிடக் கூடுதலாகவே எதிர்பார்க்கலாம். தொடங்கியிருந்தாலும் பரவாயில்லை, நீ எனக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை, ஊசியில் இருக்கும் எல்லா வகை வைரஸும் ஒரே ஆளிடம் ஏற்கெனவே வந்திருப்பது அபூர்வம்.

இனி வாட்ஸ்அப் விஷயம். பிள்ளை பிறக்காது என்பது வெறும் புரளி. ஊசிக்குள் வைரஸே கிடையாது. வைரஸின் மேல்தோலைப் போன்ற ஒரு புரதத்தை ஈஸ்டில் வளர்த்தெடுத்து அடைத்திருக்கிறார்கள், கூடு மட்டும்தான், உள்ளே சரக்கு இல்லை. அது தொற்றவும் முடியாது, கர்ப்பப்பைக்குப் போய் எதையும் செய்யவும் முடியாது. 2006-லிருந்து உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் போட்டாகிவிட்டது, ஆரம்பத்தில் போட்டுக்கொண்ட பெண்கள் இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிஜமாகவே தாய்மைக்கு வேட்டு வைப்பது அந்தப் புற்றுநோய்தான், கர்ப்பப்பையையே எடுக்கவோ அந்தப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கவோ வேண்டிவரும்.

ஆனால் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பயப்படுகிற அம்மாக்கள் முட்டாள்கள் இல்லை. 2009-ல், அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் சேர்ந்து பள்ளிச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டார்கள். அவர்களில் ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்தது, 2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. விசாரித்ததில் நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா என்று சாவுகளுக்கு வேறு வேறு காரணங்கள் இருந்தன, ஊசிக்குத் தொடர்பு இல்லை என்றார்கள். ஆனால் இன்னொரு தப்பு நடந்தது உண்மை. விடுதியில் தங்கிப் படித்த பல சிறுமிகளுக்குப் பெற்றோரிடம் கேட்காமல் வார்டனும் தலைமை ஆசிரியரும் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், நாடாளுமன்றக் குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. சரியான கண்டிப்பு. பெற்றவர்களிடம் சொல்லாமல் பிள்ளை கையில் ஊசி ஏற்றினால் நம்பிக்கை போகும், போன நம்பிக்கை சீக்கிரம் திரும்பாது, அந்தக் கசப்பின் மிச்சம்தான் இன்றைக்கும் உருமாறி உருமாறி வாட்ஸ்அப்பில் வருகிறது.

அதே நிறுத்தத்தில் யாரும் எதிர்பார்க்காத நல்லது ஒன்றும் விளைந்தது. அப்போது நாட்டில் வேறு சில இடங்களில் இரண்டு ஊசி போதுமா மூன்று வேண்டுமா என்று தனியாக ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது, நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். அரசு உத்தரவால் அதுவும் பாதியில் நின்றது, ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே ஒரு ஊசியோடு நின்றுவிட்டார்கள். அவர்களைப் பத்து வருடம் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தால், அந்த ஒரு ஊசியே 16, 18 வகை வைரஸ் உடம்பில் தங்காமல் ஏறக்குறைய 95 சதவீதம் காத்திருந்தது. 2021-ல் வந்த இந்த முடிவும் வேறு சில நாடுகளின் ஆய்வுகளும் சேர்ந்துதான், 20 வயது வரை ஒரே ஊசிகூடப் போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தை 2022-ல் சொல்ல வைத்தன. அந்த மையங்களில் கை நீட்டிய நம் ஊர்ப் பெண்களுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது என்பேன்.

பயம் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானையும் ஒரு வரி சொல்கிறேன். அங்கே 70 சதவீதச் சிறுமிகள் போட்டுக்கொண்டிருந்த ஊசி, பக்க விளைவு என்ற பரபரப்பால் 2013-ல் அரசு பரிந்துரையை நிறுத்தியதும் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. தொடர்பு இல்லை என்று தெளிந்து மறுபடி தொடங்க 2022 ஆனது, நடுவில் விடுபட்டுப் போன பெண்களைக் கல்லூரி வயதில் தேடித் தேடி இலவசமாகப் போட வேண்டியிருந்தது. பரபரப்பு மறுபக்கமும் வேலை செய்யும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு நடிகை இந்த நோயால் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பி, மறுநாள் விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்று உயிரோடு வந்தார். அந்த வாரம் என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றிக் கேட்டார்கள். கேட்டதோடு சரி. பொய்யால் வந்த கவனம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை, என் நோயாளிகளில் இந்த நோயோடு படுத்திருந்த ஒரு அம்மா அதைப் பார்த்து அழுததுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, இப்போது உன் வேலை. உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொன்னாலும், பதினைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு நம் நாட்டில் மூன்று ஊசி என்பதுதான் நடைமுறை. இன்றைக்கு ஒன்று, இன்றிலிருந்து இரண்டு மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று. புனே சீரம் இன்ஸ்டிடியூட்டின் செர்வாவேக் 2023-லிருந்து கிடைக்கிறது, ஒரு ஊசி சுமார் 2000 ரூபாய், நான்கு வகை வைரஸுக்கு எதிரானது, எழுபது சதவீதப் புற்றுநோய்க்குக் காரணமான 16-ம் 18-ம் அதில் அடக்கம். ஒன்பது வகைக்கு எதிரான கார்டாசில் 9 இன்னும் பரந்த பாதுகாப்பு, ஆனால் ஒரு ஊசியே பத்தாயிரத்தைத் தாண்டும். விடுதிப் பெண்கள் என்னிடம் கேட்டால் செர்வாவேக் போடு என்பேன். பெரியதற்குப் பணம் சேரட்டும் என்று காத்திருந்து எதையும் போடாமல் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மூன்றுக்கும் மொத்தமாகப் பணம் புரண்டால்தான் தொடங்குவேன் என்றும் நினைக்காதே, முதல் ஊசியைப் போட்டுவிடு, இரண்டாவது கொஞ்சம் தள்ளிப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நீ கடைசி வருடம் என்பதால் ஒரு கணக்கு. ஏப்ரலில் பரீட்சை முடிந்து விடுதியைக் காலி செய்வாய், அப்புறம் வேலை எங்கேயோ, ஊர் எங்கேயோ. மூன்றாவது ஊசி விட்டுப்போவது எப்போதும் இந்த இடத்தில்தான். இந்த மாதம் முதல் ஊசி போட்டால் பரீட்சைக்கு முன்னால் மூன்றும் முடிந்துவிடும். தேதியையும் இடத்தையும் இன்றைக்கே போனில் குறித்து வை, ‘ஒரு நாள் போகணும்’ என்று வைத்தால் அந்த நாள் வராது.

ஊசி மேல்கையில்தான் போடுவார்கள். ஒன்றிரண்டு நாள் கை கனமாக இருக்கும், சிலருக்கு லேசாகக் காய்ச்சலும் தலைவலியும் வரும். ஊசியைப் பார்த்தாலே மயங்குகிறவள் என்றால் முன்கூட்டியே சொல், படுக்கவைத்துப் போடுவார்கள், காலையில் சாப்பிடாமல் மட்டும் போகாதே. மாதவிடாய் நாளாக இருந்தாலும் போடலாம். பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டி இருந்தாலும் தைராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் போடலாம். கர்ப்பமாக இருந்தால் தள்ளிவைப்போம், ஈஸ்டுக்கோ முந்தைய ஊசிக்கோ கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் போட மாட்டோம். உனக்கு 30 வயது ஆனதும், ஊசி போட்டிருந்தாலும், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும், ஊசி எல்லா வகையையும் தடுப்பதில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? 18 தாண்டிவிட்டாய், சட்டப்படி உன் கையெழுத்தே போதும், சொல்லாமலும் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் சொல்லிவிட்டுப் போடு என்பதுதான் என் விருப்பம், பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. போனில் சொல்லாதே, ஊருக்குப் போகும்போது, சமையல்கட்டில் கூட உட்கார்ந்து ஏதாவது வேலை செய்துகொண்டே பேசு. வைரஸ், உடலுறவு என்று ஆரம்பிக்காதே, அத்தையிலிருந்து ஆரம்பி. ‘அம்மா, அத்தைக்கு வந்தது எனக்கு வராம இருக்க ஒரு ஊசி இருக்கு, டாக்டர் இப்பவே போடச் சொன்னாங்க’ என்று சொல். டாக்டர் சொன்னார் என்பதை விடாமல் சொல், இதோ நான் எழுத்திலேயே சொல்லியிருக்கிறேன், இந்தப் பதிலை அப்படியே காட்டு. ‘மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?’ என்று அம்மா நினைக்கக்கூடும், வாய்விட்டுக் கேட்க மாட்டார். ஊசி போட்டது உடம்பில் எங்கேயும் எழுதியிருக்காது என்று நீயாகவே சொல்லிவிடு. அடுத்து, அம்மாவை ஒரு நாள் பரிசோதனைக்கு அழைத்துப் போ. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள், அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெள்ளையாக மாறுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை, ஐந்து பத்து நிமிட வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் இந்தச் சோதனையை ஊர் ஊராகச் செய்து பார்த்தபோது இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-லேயே காட்டியிருக்கிறார்கள். உன் அத்தைக்கு முப்பத்தைந்து வயதில் யாராவது இதைச் செய்யச் சொல்லியிருந்தால் என்று நான் எழுதத் தொடங்கி நிறுத்திக்கொள்கிறேன், உனக்கும் அந்த எண்ணம் வந்திருக்கும்.

உன் கல்லூரிக்கும் ஒன்று சொல்ல வேண்டும், முடிந்தால் உங்கள் மேடத்திடம் கொடு. அடுத்த தடவை கூட்டத்தில் எழுந்து வரச் சொல்லாமல் போனிலேயே தனியாகப் பேர் பதியச் செய்யட்டும், வீட்டுக்குத் தமிழில் ஒரு கடிதம் முன்னாலேயே போகட்டும், ஊசியைக் கல்லூரி வளாகத்திலேயே ஒரு சாதாரண வேலை நாளில் போடட்டும். தன் பெண்ணுக்குப் போட்ட ஆசிரியை ஒருவர் அதை வகுப்பில் சொன்னால் இன்னும் நல்லது. பையன்கள் படிக்கும் கல்லூரிகளையும் விட்டுவிடக் கூடாது, இதே வைரஸ் ஆண்களுக்குத் தொண்டையிலும் ஆசனவாயிலும் புற்றுநோய் உண்டாக்கும், செர்வாவேக்கை ஆண்களுக்கும் போடலாம்.

கடைசியாக, அத்தை மகள். நீ கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய், நான் அங்கேதான் நின்றுவிட்டேன். ஒன்பதாவது என்றால் 14 இருக்கும். பதினைந்தாவது பிறந்தநாளுக்கு முன்னால் தொடங்கினால் அவளுக்கு இரண்டு ஊசியே போதும், உன்னைவிட அவளுக்குப் பலனும் அதிகம். 14 வயதுப் பெண்களுக்கு இலவசமாகப் போட 2025 தமிழ்நாடு பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள், அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முதலில் விசாரி. அங்கே இன்னும் வரவில்லை என்றால் காத்திருக்காமல் வெளியில் தனியார் மருத்துவமனையில் போடச் சொல். அவள் அப்பா நல்லவராக இருக்கலாம், ஆனால் ஒரு பெண் பிள்ளையிடம் இதை எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியாது, அவளுக்கும் அப்பாவிடம் கேட்க வராது. ‘போட்டியாடி?’ என்று கேட்க அவளுக்கு அம்மா இல்லை. தீபாவளிக்குப் போகும்போது நீ கேள்.